வேர்ல்டு எடிட்டரில் ஒரு மேப்பிலிருந்து இன்னொரு மேப்புக்கு: எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது

வார்கிராஃப்ட் 3 கணினி ஆட்டத்தோடு வரும், சொந்தமாக மேப் (ஆட்டக் களம்) செய்ய உதவும் வேர்ல்டு எடிட்டரில் கொஞ்ச நாள் புழங்கிய எல்லோருக்கும் இந்த ஆசை வரும். பழைய மேப்பில் பாடுபட்டுச் செய்த ஒரு ஹீரோ, ஒரு ஸ்பெல், அலை அலையாக எதிரிகள் வரும் ஓர் அமைப்பு, இதெல்லாம் புது மேப்பிலும் வேண்டும். நகலெடுத்து ஒட்டினால் போதும் என்று இறங்குகிறோம். ஒட்டவும் செய்கிறது, எடிட்டர் எந்தப் புகாரும் சொல்வதில்லை. ஆட்டத்தைத் திறந்தால் ஸ்பெல் வேலை செய்யாது, அல்லது அதைவிட மோசமாக, வேறு யாரோ வேறு எதையோ போடும்போது உங்கள் ஸ்பெல் வெடிக்கும்.

எனக்கு நடந்தது இரண்டாவது வகை. தரை பிளந்து சுற்றியிருப்பவர்களை மயக்கும் 'நிலப்பிளவு' என்ற ஒரு ஸ்பெல்லை அதன் ட்ரிகரோடு (எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு) புது மேப்புக்குக் கொண்டுபோனேன். புது மேப்பில் பூசாரி ஒருவர் காயத்தை ஆற்றும் திறனைப் போட்டபோதெல்லாம் தரை பிளந்தது. இரண்டு ராத்திரி ட்ரிகரை வரி வரியாகப் படித்தேன், ட்ரிகரில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நான் ஒட்டிய வரிசையில் இருந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

ஒட்டும்போது உண்மையில் என்ன நகர்கிறது

வேர்ல்டு எடிட்டர் எந்தப் பொருளையும் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. நீங்கள் புதிதாகச் செய்யும் அபிலிட்டிகளுக்கு (திறன்களுக்கு) ஏ000, ஏ001, ஏ002 என்று வரிசையாகப் போகும்; ஐட்டங்களுக்கு ஐ000, அப்கிரேடுகளுக்கு ஆர்000, பஃப்களுக்கு (ஒரு யூனிட்டின் மேல் தற்காலிகமாக ஒட்டும் விளைவு) பி000. யூனிட்டுகளுக்கு முதல் எழுத்து நீங்கள் எந்த இனத்து யூனிட்டை அடிப்படையாக எடுத்தீர்களோ அதைப் பொறுத்தது. மனித இனமென்றால் எச்000, ஆர்க் என்றால் ஓ000. (மேப்பில் இவை ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும், ஹீரோவுக்கு அந்த முதல் எழுத்து பெரிய எழுத்தாக வரும்.) இவற்றையெல்லாம் செய்யும் ஆப்ஜெக்ட் எடிட்டரில் கன்ட்ரோல்+டி அழுத்தினால் பெயர்கள் மறைந்து இந்தக் குறியீடுகள் தெரியும். இதுவரை அந்த விசையை அழுத்திப் பார்க்காதவர்கள் இப்போதே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மேப் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

இந்த எண்ணிக்கை ஒவ்வொரு மேப்பிலும் தனித்தனியாகச் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. அதாவது என் பழைய மேப்பில் ஏ003 என்பது நிலப்பிளவு. புது மேப்பில் ஏ003 என்பது பூசாரியின் ஆற்றும் திறன். ட்ரிகரை ஒட்டியபோது அதற்குள் இருந்தது 'நிலப்பிளவு' என்ற பெயர் இல்லை, ஏ003 என்ற குறியீடுதான். புது மேப்பு அதைத் தன் கணக்கில் படித்துக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராததற்கு இதுதான் காரணம், ஏனென்றால் எடிட்டரின் பார்வையில் பிழை என்று எதுவுமே இல்லை.

ஆக, ஒரு பொருள் எதையெல்லாம் சுட்டுகிறதோ அவையெல்லாம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாடல் கோப்பு, படம், ஒலி முதலில். அவற்றைச் சுட்டும் பஃப், அபிலிட்டி, யூனிட் அடுத்தது. அவற்றைச் சுட்டும் ட்ரிகர் அதற்கப்புறம். வரைபடத்தில் நிற்கும் யூனிட்டுகள் எப்போது என்பதைத் தனியாகச் சொல்கிறேன், அதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது.

எந்தப் பக்கம் நகர்த்துவது?

வேலையைத் தொடங்குமுன் இதை முடிவு செய்யுங்கள். உங்களிடம் 'அ' என்ற மேப்பில் நல்ல நிலப்பரப்பு இருக்கிறது, 'ஆ' என்ற மேப்பில் நல்ல ட்ரிகர்கள் இருக்கின்றன என்றால் ட்ரிகர்களை அ-வுக்குக் கொண்டுபோங்கள், நிலத்தை ஆ-வுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். நிலம் என்பது உயரம், பாறை விளிம்பு, தரை ஓடு, நீர், நடக்கக்கூடிய இடம் என்று பல அடுக்கு. அதோடு ஒரு மேப்பில் வைக்கக்கூடிய தரை ஓடுகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு மேப்பும் வேறு வேறு ஓடுகளை நிறையப் பயன்படுத்தினால் எதையாவது இழக்க வேண்டிவரும். ட்ரிகர்களை நகர்த்துவது அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒன்றையும் இழக்காமல் செய்து முடிக்கலாம்.

ஒரு வேளை உங்கள் புது மேப்பு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது, சொந்தமாக ஒரு ஆப்ஜெக்ட்கூட செய்யவில்லை என்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய மேப்பின் ஆப்ஜெக்ட் எடிட்டரில் ஃபைல் மெனுவுக்குப் போய் 'எக்ஸ்போர்ட் ஆல் ஆப்ஜெக்ட் டேட்டா' கொடுங்கள். ஒரே கோப்பாக, டபிள்யூ3ஓ என்ற நீட்சியோடு வரும். புது மேப்பில் அதை இம்போர்ட் செய்தால் குறியீடுகள் மாறாமல் அப்படியே வந்துவிடும், கீழே நான் சொல்லும் பாதித் தலைவலி உங்களுக்கு இல்லை. புது மேப்பில் ஏற்கெனவே சொந்த ஆப்ஜெக்ட்டுகள் இருந்தால் இந்த வழியைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே குறியீடு இருக்கும் இடத்தில் உங்கள் பழைய உழைப்பு அழியும்.

இன்னொரு விதிவிலக்கு: இரண்டு மேப்பும் ஒரே கேம்பெயினின் அத்தியாயங்கள் என்றால் நகலெடுக்கவே வேண்டாம். எஃப்7 அழுத்திக் கேம்பெயின் எடிட்டரைத் திறந்து, பொதுவான ஹீரோக்களையும் திறன்களையும் கேம்பெயின் அளவில் ஒரே இடத்தில் வையுங்கள், எல்லா மேப்பும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பத்து மேப்பில் பத்து நகல் வைத்துக்கொண்டு ஒரு சேத எண்ணை மாற்ற பத்து முறை திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

தயார் செய்தல்

முதல் காரியம், இரண்டு மேப்புக்கும் வேறு பெயரில் நகல் எடுத்துச் சேமியுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எண் மாற்றி மறுபடி சேமியுங்கள். நான்காவது கட்டத்தில் ஏதோ உடைந்தால் மூன்றுக்குத் திரும்பலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அப்புறம் இரண்டு மேப்பையும் ஒரே எடிட்டருக்குள் திறங்கள். எடிட்டரை இரண்டு முறை இயக்கி ஒவ்வொன்றிலும் ஒரு மேப் திறந்தால் ஒன்றில் நகலெடுத்தது மற்றதில் ஒட்டாது. ஒரே எடிட்டரில் இரண்டையும் திறந்து, விண்டோ மெனு வழியாக மாறி மாறிப் போக வேண்டும். எந்த மேப் முன்னால் இருக்கிறதோ அதன் விவரத்தைத்தான் ஆப்ஜெக்ட் எடிட்டரும் ட்ரிகர் எடிட்டரும் காட்டும், அதனால் ஒட்டுமுன் எந்த மேப்பில் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஃபைல் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ஜெனரல் பக்கம். 'ஆட்டோமேட்டிக்கலி கிரியேட் அன்நோன் வேரியபிள்ஸ் வைல் பேஸ்டிங் ட்ரிகர் டேட்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள். ட்ரிகருக்குள் வரும் வேரியபிள்கள் (மதிப்புகளை நினைவில் வைக்கும் பெயர்கள்) புது மேப்பில் இல்லையென்றால் எடிட்டரே உருவாக்கிக்கொள்ளும். இது இல்லாமல் ஒட்டினால் ட்ரிகர் உடைந்துதான் வரும்.

நான்காவது, ஸ்கிரிப்ட் மொழி. 2019-இல் வந்த 1.31 பேட்ச்சிலிருந்து ஒரு மேப்பை ஜாஸ் மொழியிலோ லுவா மொழியிலோ வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஜாஸ், மற்றது லுவா என்றால் சாதாரண ட்ரிகர்கள் பிரச்சினை இல்லை, எடிட்டர் தானாக அந்தந்த மொழியில் எழுதிக்கொள்ளும். 'கஸ்டம் ஸ்கிரிப்ட்' என்று நீங்கள் கையால் எழுதிய வரிகள் மட்டும் ஒன்றுகூடத் தேறாது, எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். எவ்வளவு கஸ்டம் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று முன்பே எண்ணிப் பாருங்கள், அதிகம் என்றால் புது மேப்பை ஜாஸிலேயே வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, ஒரு வெற்று நோட்பேட் கோப்பு. அதில் மூன்று பத்தி: பெயர், பழைய குறியீடு, புதிய குறியீடு. நான் சொல்லும் முறையில் இந்தப் பட்டியல்தான் உயிர். ஆரம்பத்தில் சோம்பலாக இருக்கும். இருபது ஆப்ஜெக்ட்டுக்கு மேல் போனால் இது இல்லாமல் யாராலும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது.

முதல் கட்டம்: கோப்புகள்

எஃப்12 அழுத்தினால் இம்போர்ட் செய்த கோப்புகளின் பட்டியல் வரும். தேவையானவற்றை ஒரு ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்து, புது மேப்பில் இம்போர்ட் செய்யுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது பாதை மட்டும்தான். எடிட்டர் தானாக 'வார்3மேப்இம்போர்ட்டட்' என்ற ஃபோல்டர் பெயரை முன்னால் சேர்த்துவிடும். மாடல் கோப்பு அந்தப் பாதையில் இருந்தாலும் ஓடும். ஆனால் மாடலுக்குள் அதன் டெக்ஸ்ச்சர் (மாடலின் மேல் போர்த்தும் படம்) எந்தப் பாதையில் இருக்கிறது என்று எழுதப்பட்டிருக்கும், அதே பாதையில் டெக்ஸ்ச்சர் இல்லையென்றால் மாடல் தோலில்லாமல் நிற்கும். அதனால் பழைய மேப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் என்ன பாதை இருந்ததோ அதை எழுத்து மாறாமல் புது மேப்பிலும் கொடுங்கள்.

ஐகான்கள் ஜோடியாகப் போக வேண்டும். சாதாரண ஐகான் ஒன்று, பெயருக்கு முன்னால் 'டிஸ்' சேர்ந்த மங்கலான ஐகான் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். மங்கலானதை மறந்தால் ஆட்டத்தை நிறுத்தி மெனு திறக்கும்போது அந்த ஐகான் பச்சைக் கட்டமாகத் தெரியும். வேலை கெடாது என்றாலும் பார்ப்பவர்களுக்கு மேப் பாதியில் விட்டது போலத் தோன்றும்.

இம்போர்ட் முடிந்ததும் மேப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறங்கள். அதற்கு முன் மாடல் தெரியவில்லை என்று பதற வேண்டாம்.

ஒலிகள் இருந்தால் எஃப்5, சவுண்டு எடிட்டர். அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் பழைய மேப்பில் இருந்த அதே பெயரை வையுங்கள். ட்ரிகர் அந்தப் பெயரைத்தான் தேடும்.

இரண்டாம் கட்டம்: ஆப்ஜெக்ட்டுகள்

எஃப்6, ஆப்ஜெக்ட் எடிட்டர். இங்கே ஏழு பக்கங்கள் உண்டு: யூனிட், ஐட்டம், டிஸ்ட்ரக்டிபிள் (மரம் போல அழிக்கக்கூடியவை), டூடாட் (அலங்காரப் பொருள்கள்), அபிலிட்டி, பஃப், அப்கிரேடு. நான் போகும் வரிசை இது: பஃப், அப்புறம் அப்கிரேடு, அப்புறம் அபிலிட்டி, அப்புறம் ஐட்டம், கடைசியாக யூனிட். டூடாடும் டிஸ்ட்ரக்டிபிளும் பெரும்பாலும் யாரையும் நம்பி இருப்பதில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நிலப்பிளவையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு ஆப்ஜெக்ட் உண்டு. ஹீரோ போடும் திறன், 'சேனல்' என்ற அபிலிட்டியை அடிப்படையாக வைத்தது. மயக்கும் திறன், மவுண்டன் கிங்கின் ஸ்டார்ம் போல்ட்டை அடிப்படையாக வைத்தது. அந்த மயக்கத்துக்கு என் சொந்த பஃப். கடைசியாக யார் கண்ணுக்கும் தெரியாமல் வந்து ஸ்டார்ம் போல்ட் போட்டுவிட்டு மறையும் டம்மி யூனிட்.

முதலில் பழைய மேப்பில் பஃப் பக்கத்தில் அந்த பஃப்பைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல்+சி. புது மேப்புக்கு மாறி, அதே பஃப் பக்கத்துக்குப் போய்க் கன்ட்ரோல்+வி. கன்ட்ரோல்+டி அழுத்திப் புதுக் குறியீட்டைப் பாருங்கள். பழையதில் பி000, புதியதில் பி002 என்று வந்தால் பட்டியலில் எழுதுங்கள். அந்த எண் புது மேப்பில் காலியாக இருந்தது, அதனால் மாறாமலே வந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் இரண்டு அபிலிட்டிகள். ஒட்டியதும் மயக்கும் திறனின் பஃப் புலத்தைத் திறங்கள். அதில் இன்னும் பி000 என்றுதான் இருக்கும், புது மேப்பில் பி000 வேறு யாருடையதோ. கையால் பி002-க்கு மாற்றுங்கள். இதுதான் முழு வேலையின் சாரம்: ஒட்டு, குறியீட்டைப் பார், எழுது, உள்ளே இருக்கும் சுட்டுகளைத் திருத்து. யூனிட் ஒட்டும்போதும் இதேதான், அதில் சுட்டுகள் அதிகம். சாதாரணத் திறன்கள், ஹீரோ திறன்கள், பயிற்சி கொடுக்கும் யூனிட்டுகள், கட்டும் கட்டிடங்கள், விற்கும் ஐட்டங்கள், அப்கிரேடுகள், தேவைகள். டெக்ட்ரீ என்று தொடங்கும் புலங்களையும் அபிலிட்டி என்று தொடங்கும் புலங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தப்பாது.

ஒரு யூனிட்டை வரவழைக்கும் திறன் என்றால் வட்டச் சிக்கல் வரும். திறன் யூனிட்டைச் சுட்டும், யூனிட் தன் பங்குக்கு இன்னொரு திறனைச் சுட்டும், சில நேரம் அதே திறனைக்கூட. எதை முதலில் ஒட்டினாலும் ஒன்று பாக்கி இருக்கும். இதற்கு வரிசை தேடி மண்டையை உடைக்காதீர்கள், இரண்டையும் ஒட்டிவிட்டு இரண்டிலும் திருத்துங்கள்.

சேனலை அடிப்படையாக வைத்த திறன்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. 'பேஸ் ஆர்டர் ஐடி' என்று ஒரு புலம் அதில் உண்டு. புது மேப்பின் ஹீரோவிடம் ஏற்கெனவே சேனல் வகைத் திறன் ஒன்று இருந்து, இரண்டுக்கும் ஆர்டர் ஐடி ஒன்றாக இருந்தால், ஒன்றை அழுத்தினால் மற்றது கிளம்பும். ஒன்றை மாற்றிவிடுங்கள். இது குறியீட்டுப் பிரச்சினை போலவே தோன்றும், ஆனால் வேறு. இதில் சிக்கிக்கொண்டு ட்ரிகரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

டம்மி யூனிட்டை நகலெடுக்குமுன் புது மேப்பில் ஏற்கெனவே ஒரு டம்மி இருக்கிறதா பாருங்கள். லோகஸ்ட் திறன் (யாரும் தேர்ந்தெடுக்கவோ தாக்கவோ முடியாதபடி செய்வது), நகர்வு இல்லை, காஸ்ட் பாயின்ட் (திறன் போடுமுன் ஆகும் நேரம்) சுழியம், மாடல் இல்லை என்று அது சரியாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஒரு மேப்புக்கு ஒரு டம்மி போதும் என்பது என் கருத்து. பத்து பேரின் ஸ்பெல்களை எடுத்து ஒட்டிய மேப்பில் பத்து டம்மி இருப்பதைப் பார்த்தாலே எனக்கு மனசு கேட்காது.

மூன்றாம் கட்டம்: ரீஜன், கேமரா, முன்கூட்டியே வைத்த யூனிட்

ட்ரிகரில் 'இந்த ரீஜனுக்குள் (வரைபடத்தில் குறித்து வைத்த பகுதி) நுழைந்தால்', 'வாசலில் நிற்கும் அந்தக் காவலன் செத்தால்' என்றெல்லாம் எழுதியிருப்போம். இவை மேப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைக்கப்பட்ட பொருள்கள், புது மேப்பில் அவை இல்லை. ட்ரிகரை ஒட்டியதும் அந்த இடங்களை நீங்களே மறுபடி தேர்ந்தெடுத்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. ரீஜன்களையும் கேமராக்களையும் புது மேப்பில் அதே பெயரில் முன்பே வரைந்து வைத்துக்கொண்டால் பிறகு தேர்ந்தெடுப்பது எளிது.

நிற்கும் யூனிட்டுகளையும் டூடாட்டுகளையும் நகலெடுக்கலாம். அந்தந்த அடுக்குக்குப் போய், சட்டம் இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, புது மேப்பில் ஒட்டிச் சொடுக்கினால் வந்துவிடும். முன்னால் சொன்ன சிக்கல் இங்கேதான். சொந்த யூனிட்டுகளைப் பழைய மேப்பிலிருந்து ஒட்டினால் அவை பழைய குறியீட்டோடு வரும், புது மேப்பில் அந்தக் குறியீடு வேறு யூனிட்டுடையது என்றால் காவலன் நிற்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் நிற்பார். குறியீடு மாறிய யூனிட்டுகளை ஒட்டாமல் கையாலேயே வைப்பதுதான் எனக்கு நிம்மதி. ஆட்டத்தோடு வரும் சாதாரண யூனிட்டுகள், மரங்கள், பாறைகள் என்றால் தாராளமாக ஒட்டுங்கள், அவற்றின் குறியீடு எல்லா மேப்பிலும் ஒன்றே.

ஒட்டிய யூனிட்டுகள் எந்த ஆட்டக்காரருடையவை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் கட்டம்: வேரியபிள்கள்

ஒட்டும்போது தானாக உருவாகும் என்று சொன்னேன். அது போதும் என்று விட்டுவிட முடியாது, மூன்று ஓட்டைகள் உண்டு.

பெயர் மோதல்தான் பெரியது. எல்லோர் மேப்பிலும் 'டெம்ப்பாயின்ட்', 'டெம்ப்குரூப்', 'கவுன்ட்டர்' என்று வேரியபிள் இருக்கும். எடிட்டர் அதே பெயரைக் கண்டால் புதிதாக உருவாக்காமல் இருப்பதையே பயன்படுத்தும். ஒரு கணம் மட்டும் பயன்பட்டு அழியும் வேரியபிள் என்றால் பரவாயில்லை, பகிர்ந்துகொள்ளலாம். எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கும் கவுன்ட்டர் என்றால் இரண்டு அமைப்பும் ஒன்றின் கணக்கை மற்றது அழிக்கும், அதுவும் ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் தெரியும். ஆகவே நகலெடுக்கும் முன், பழைய மேப்பிலேயே, வேரியபிள் பெயர்களுக்கு முன்னால் ஒரு சின்ன அடையாளம் சேருங்கள். நிலப்பிளவு என்றால் 'நிபி' மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து. வேரியபிள் எடிட்டரில் பெயரை மாற்றினால் சாதாரண ட்ரிகர் வரிகளில் தானாக மாறிவிடும். கஸ்டம் ஸ்கிரிப்ட் வரிகளில் மாறாது, அங்கே நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த ஓட்டையும் கஸ்டம் ஸ்கிரிப்ட்தான். அதற்குள் மட்டும் வரும் வேரியபிளை எடிட்டர் அடையாளம் காணாது, அதனால் உருவாக்கவும் செய்யாது. இதற்காகத்தான் ஸ்பெல் பகிர்பவர்கள் 'வேரியபிள் கிரியேட்டர்' என்று ஒரு ட்ரிகர் வைப்பார்கள். அது ஆட்டத்தில் எதுவும் செய்யாது. எல்லா வேரியபிளையும் சாதாரண வரியில் ஒருமுறை தொட்டு வைத்திருக்கும், அதை முதலில் ஒட்டினால் அத்தனையும் உருவாகிவிடும், பிறகு அந்த ட்ரிகரை அழித்துவிடலாம். உங்கள் சொந்த அமைப்புக்கும் இப்படி ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

மூன்றாவது, ஆரம்ப மதிப்பும் அரே (ஒரே பெயரில் பல மதிப்புகளின் வரிசை) அளவும். ஒட்டி முடித்ததும் வேரியபிள் எடிட்டரை இரண்டு மேப்பிலும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், முக்கியமாக யூனிட் குரூப், டைமர் வகை அரேக்களை.

ஐந்தாம் கட்டம்: ட்ரிகர்கள்

இப்போதுதான் எஃப்4, ட்ரிகர் எடிட்டர். இவ்வளவு தூரம் ஒழுங்காக வந்தவர்களுக்கு இது எளிது.

தனித்தனி ட்ரிகராக எடுக்காமல் ஃபோல்டரோடு நகலெடுங்கள். ஒரு ட்ரிகர் இன்னொன்றை இயக்குவதும் அணைப்பதும் சகஜம், இயக்கப்படும் ட்ரிகர் புது மேப்பில் இல்லையென்றால் அந்த வரி அனாதையாகும். அதே பெயரில் புது மேப்பில் ஏற்கெனவே ட்ரிகர் இருந்தால் ஒட்டியதன் பெயர் மாறும், அப்போது கூப்பிடும் வரி எதைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வேரியபிளுக்குச் செய்தது போலவே ட்ரிகர் பெயர்களுக்கும் முன்பே அடையாளம் சேர்த்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஒட்டியதும் நோட்பேட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ட்ரிகரிலும் திறன், யூனிட் வகை, ஐட்டம், பஃப் என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். 'போடப்படும் திறன் சமம்' என்ற நிபந்தனையில் பூசாரியின் பெயர் தெரிந்தால் அதைச் சொடுக்கி நிலப்பிளவைத் தேர்ந்தெடுங்கள். டம்மி உருவாகும் வரி, டம்மிக்குத் திறன் சேர்க்கும் வரி, மட்டம் மாற்றும் வரி, எல்லாம். டம்மிக்கு 'ஸ்டார்ம் போல்ட் போடு' என்று கட்டளையிடும் வரியை மட்டும் தொட வேண்டாம், கட்டளை அடிப்படைத் திறனைப் பொறுத்தது, உங்கள் குறியீட்டைப் பொறுத்தது இல்லை.

கஸ்டம் ஸ்கிரிப்டில் ஒற்றை மேற்கோளுக்குள் ஏ003 என்று எழுதியிருந்தால் அதையும் கையால் மாற்ற வேண்டும். லுவாவில் அதே இடத்தில் 'ஃபோர்சிசி' என்ற ஃபங்ஷனுக்குள் இரட்டை மேற்கோளில் வரும். ஜாஸில் வரியின் தொடக்கத்தில் வரும் 'கால்', 'செட்' இரண்டும் லுவாவில் கிடையாது.

பழைய மேப் என்றால் இன்னொன்று. 2018-இல் வந்த 1.29 பேட்ச்சில் ஆட்டக்காரர் இடங்கள் 12-இலிருந்து 24 ஆயின. அதனால் நியூட்ரல் ஹாஸ்டைலின் (யாருக்கும் சேராத, தாக்கும் யூனிட்டுகளின் உரிமையாளர்) எண் 12-இலிருந்து 24-க்கும், நியூட்ரல் பாசிவின் (தாக்காதவற்றின் உரிமையாளர்) எண் 15-இலிருந்து 27-க்கும் போய்விட்டன. கஸ்டம் ஸ்கிரிப்டில் 'பிளேயர் 15' என்று நேராக எண் போட்டு எழுதியவர்களின் பழைய ஸ்பெல்கள் புது மேப்பில் டம்மியைச் சாதாரண ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடும். எண்ணை எடுத்துவிட்டு, அதற்கென்று இருக்கும் மாறிலிப் பெயரை எழுதுங்கள்.

ட்ரிகர் பட்டியலின் உச்சியில் மேப்பின் பெயர் இருக்கும், அதைச் சொடுக்கினால் பொதுவான கஸ்டம் ஸ்கிரிப்ட் எழுதும் இடம் வரும். ஃபோல்டரை நகலெடுக்கும்போது அது கூட வராது. பலர் இதை மறந்துவிட்டு, 'ஃபங்ஷன் தெரியவில்லை' என்று நூறு பிழை வந்த பிறகுதான் ஓடிவருவார்கள்.

இப்போது சேமியுங்கள். பிழை வந்தால் எடிட்டர் வரி காட்டும். முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி சேமியுங்கள், மீதிப் பிழைகள் பாதி அதோடு போய்விடும்.

எல்லாம் சரியாக வந்தும் வேறு மாதிரி இருக்கிறதே?

யூனிட் அதே யூனிட், எண்கள் அதே எண்கள், ஆனால் பழைய மேப்பில் இரண்டடியில் சாகும் எதிரி இங்கே நான்கடி தாங்குகிறது. அட்வான்ஸ்டு மெனுவில் கேம்ப்ளே கான்ஸ்டன்ட்ஸ் என்று இருக்கிறது, அதைத் திறங்கள். எந்தத் தாக்குதல் வகை எந்தக் கவசத்தை எத்தனை சதவீதம் பாதிக்கும் என்ற அட்டவணை, ஹீரோவின் உச்ச மட்டம் (யாரும் மாற்றவில்லை என்றால் 10), ஒரு புள்ளி வலிமைக்கு எவ்வளவு உயிர் என்பதெல்லாம் மேப் அளவில் அங்கே இருக்கிறது. இவை எந்த ஆப்ஜெக்ட்டோடும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பழைய மேப்பில் எதையெல்லாம் மாற்றியிருந்தீர்கள் என்று பார்த்து, புது மேப்பிலும் மாற்றுவதா, இல்லை யூனிட்டின் எண்களைப் புது மேப்புக்கு ஏற்ப மாற்றுவதா என்று முடிவெடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். கான்ஸ்டன்ட்டைத் தொட்டால் ஏற்கெனவே சமநிலையில் இருக்கும் புது மேப் முழுக்க ஆடிப்போகும்.

சோதனை

கன்ட்ரோல்+எஃப்9 அழுத்தி மேப்பை ஓட்டிப் பாருங்கள். ஸ்பெல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். இன்னொரு பாதி, புது மேப்பின் பழைய திறன்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. பூசாரி ஆற்றட்டும், யாரும் மயங்கக் கூடாது. சோதனைக்காக ஒரு தற்காலிக ட்ரிகர் வையுங்கள்: யார் எந்தத் திறனைப் போட்டாலும் அதன் பெயரைத் திரையில் காட்டட்டும். எந்தத் திறன் எதைக் கிளப்புகிறது என்று அதில் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

இரண்டு ஹீரோக்கள் ஒரே நேரத்தில் நிலப்பிளவைப் போட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். பழைய மேப்பில் ஒரே ஒரு ஹீரோ இருந்திருக்கலாம், அங்கே ஒருபோதும் தெரியாத பிழை இங்கே தெரியும்.

அடுத்தவர் மேப்பிலிருந்து எடுத்தது என்றால், அவர் அனுமதி கொடுத்திருக்கிறாரா பாருங்கள், மேப்பின் விவரக் குறிப்பில் அவர் பெயரைப் போடுங்கள். ஒரு ஸ்பெல்லுக்குப் பின்னால் எத்தனை ராத்திரி இருக்கும் என்று அதை நகர்த்திப் பார்த்த உங்களுக்குத் தெரியும்.

அந்த நோட்பேட் கோப்பை அழிக்காதீர்கள், மேப் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய மேப்பில் நிலப்பிளவை மேம்படுத்திவிட்டு அந்த மாற்றத்தை இங்கேயும் கொண்டுவர நினைக்கும்போது, ஏ003 இங்கே என்ன எண் என்று அது ஒன்றுதான் சொல்லும்.